மடி மாறிய பை

காலை ஏழே முக்காலுக்கு, மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் ஸ்டாப்பில் டவுன் பஸ் ஏறினேன். மலேசியாவின் ஈப்போவிலிருந்து இங்கே வாழ வந்து மூன்று மாதம் ஆகிறது. கணவருக்கு இது சொந்த ஊர், வேலை ஓசூரில். விடிவதற்குள் கிளம்பிவிடுவார். பிறகு எங்கே போவதென்றாலும் நான் தனிதான், தமிழ் பேசும் வெளிநாட்டுக்காரி.

அன்று பாலக்கோட்டில் இறங்கி, வேறு பஸ் பிடித்துத் தருமபுரி போக வேண்டும். அடுத்த வாரம் ஈப்போவில் தங்கைக்குக் கல்யாணம். விமான டிக்கெட் போட்டுத் தருபவர் பாஸ்போர்ட்டை நேரில் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அது என் தோள்பையில் இருந்தது. அது தொலைந்தால் கல்யாணமாவது கத்திரிக்காயாவது!

கண்டக்டரிடம் பத்து ரூபாயை நீட்டினேன். இந்த பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை என்று இலவசச் சீட்டைக் கிழித்துத் தந்தார். நான் இந்த நாட்டுக்காரி இல்லையே, சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் நகர்ந்துவிட்டார்.

கூட்டம் நெரித்தது. ஜன்னலோரம் பச்சைப் புடவையில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் என் பையைப் பிடித்து இழுத்தார். திருடுகிறார் என்றே நினைத்து நானும் இழுத்தேன்.

"குடுங்க கண்ணு, மடியில வெச்சுக்கறேன். நின்னுக்கிட்டு எதுக்குச் சொமக்கறீங்க?"

எல்லாரும் பார்த்தார்கள். வெட்கத்தில் விட்டுவிட்டேன். ஏறியவர்கள் தள்ளத் தள்ள நான் பின்னால் போய்விட்டேன். வெள்ளிச்சந்தையில் பலர் இறங்கினார்கள். எட்டிப் பார்த்தால், அந்த ஜன்னலோரத்தில் வேறு யாரோ. பச்சைப் புடவை சாலையைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.

என் பை, என் பை என்று கத்திவிட்டேன். கண்டக்டர் விசிலடித்து வண்டியை நிறுத்தினார். பதற்றமெல்லாம் என்னோடு சரி. முன்னால் இருந்தவர்கள் நிதானமாகத் தங்கள் மடியைப் பார்த்துக்கொண்டார்கள். பச்சைப் புடவை அம்மா இறங்கும்போது பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்திருக்கிறார். அவரும் இறங்க, பை முன் சீட்டுக்குப் போயிருக்கிறது. டிரைவருக்குப் பின்னால் இருந்த ஒருத்தி தூக்கிக் காட்டினாள். தலைகளுக்கு மேலே கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. திறந்து பார்த்தேன். பாஸ்போர்ட் இருந்தது.

"எங்கீங்க போயிரும்? யாரு மடியிலயாவது இருக்கும்" என்றார் கண்டக்டர், சலிப்பே இல்லாமல். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தருமபுரியில் டிக்கெட் கிடைத்தது. மாலை பாலக்கோட்டிலிருந்து திரும்பும்போது உட்கார இடமும் கிடைத்தது. நின்றிருந்த ஒரு பெண், ஒரு வார்த்தை கேட்காமல், தக்காளிப் பையை என் மடியில் வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டாள். எங்கள் வீடு மாரண்டஹள்ளிக்கு ஒரு ஸ்டாப் முன்னால். அது வந்தபோது அவளைக் காணோம். பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு இறங்க வேண்டியதுதான், காலையில்தானே பாடம் படித்தேன். ஆனால் மனசு வரவில்லை. பையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை போனேன்.

பஸ் ஸ்டாண்டில் பையை வாங்கியவள், என் ஊர் எது என்று கேட்டாள். முன்னாலேயே போய்விட்டது என்றேன்.

"தக்காளியத்தானுங்க குடுத்தேன், உங்களையுமா கடத்திக்கிட்டு வந்தேன்?" என்று சிரித்தாள்.

இரண்டு கிலோமீட்டர் திரும்பி நடந்தேன். வழியெல்லாம் எனக்கும் சிரிப்பு. ஈப்போவில் பஸ்ஸில் தூங்கினாலும் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டுதான் தூங்குவோம். நிற்பவரின் பைக்குக் கை நீட்டினால் போலீஸைக் கூப்பிட்டுவிடுவார்கள். அடுத்த வாரம் அங்கே பஸ் ஏறும்போது, இந்தக் கையை அடக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.