கொட்டகையில் ஒரு ரேஸ் கார்

எங்கள் வீட்டை ஒட்டி ஒரு கொட்டகை இருக்கிறது. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, மூலையில் ஒரு தண்ணீர்க் குழாய். அங்கேதான் என் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. கடலூரில் எங்கள் தெருவுக்கும் பக்கத்துத் தெருவுக்கும் இட்லி மாவு என் கையால்தான். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. மாவு வியாபாரத்துக்கு அது ஒரு குறையே இல்லை. பாத்திரத்தை நீட்டுவார்கள், ஊற்றிக் கொடுப்பேன், போய்விடுவார்கள்.

ஒரு நாள் என் கணவர் அந்தக் கொட்டகையில் ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். கிரைண்டர் சமையலறைக்குள் போனது. அதற்கும் அடுப்புக்கும் நடுவில் ஒருக்களித்து நின்று சமைக்க நான் பழகிக்கொண்டேன்.

காருக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு சீட்டுதான் இருந்தது. பின்சீட்டைக் காணோம், தரைவிரிப்பைக் காணோம், கதவின் உள்பக்க அட்டையைக்கூடக் காணோம். இரும்புக் குழாய்களை வளைத்துக் கிளிக்கூண்டு மாதிரி வைத்திருந்தார்கள்.

"யாருகிட்டயோ நல்லா ஏமாந்துட்டு வந்துருக்கீங்க மாமா" என்றேன். அவர் என் அத்தை மகன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்கு மாமாதான்.

"இது ரேஸ் காரு. தேசிய டூரிங் கார் சாம்பியன்ஷிப். புதுசா வர்றவங்களுக்குன்னு ஒரு பிரிவு வெச்சுருக்காங்க. இந்த சீசன் ஓட்டப் போறேன்."

அவர் முந்திரிக்காட்டுக் கிராமமான காடாம்புலியூரில் பிறந்தவர். கடலூரில் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். பாதித் தலை நரைக்கும்வரை மற்றவர்களுக்கு பிரேக் ஷூ விற்றவருக்கு, பிரேக் போடாமல் போகிற ஆசை எப்போது வந்தது என்று தெரியவில்லை. சரக்கு எடுக்கப் போகிறேன் என்று சென்னைக்குப் போய்ப் போய்ப் பயிற்சி எடுத்து லைசென்ஸும் வாங்கியிருந்தார்.

நான் மூன்று நாள் பேசவில்லை. நான் பேசாமல் இருப்பதைக் கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் சமாதானத்துக்கு வந்தார்.

"ஒரே ஒரு சீசன். ஒரு கோப்பையாவது வாங்கலன்னா காரை யாருக்காவது தள்ளி விட்டுடறேன். கொட்டகை உனக்கு."

"வாங்கிட்டா?"

"வாங்கிட்டா அடுத்த சீசனும் ஓட்டுவேன்."

முதல் மூன்று இடங்களுக்குத்தான் கோப்பை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போதெல்லாம், அவருக்கு ஒரு கீறலும் படாமல் நான்காவது இடம் கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஐந்தாவது, ஆறாவது என்றாலும் சரிதான். ஆனால் கட்டின புருஷனுக்கு அவ்வளவு கீழே கேட்க மனசு வரவில்லை.

தெருவில் இந்த 'டூரிங்' என்ற சொல் படாத பாடு பட்டது. வயசானவர்கள் டூரிங் டாக்கீஸ் என்று நினைத்து, கொட்டகையில் படம் எப்போது போடுவீர்கள் என்று கேட்டார்கள். மற்றவர்கள் டூரிஸ்ட் கார் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். எதிர்வீட்டு அக்கா மாவு வாங்க வந்தபோது ஆரம்பித்தார்.

"சனிக்கிழம திருநள்ளாறு போவணும். உங்க டூரிங் காரு சும்மாதான நிக்குது?"

"அது அந்த டூர் இல்லக்கா."

"வைத்தீஸ்வரன் கோயிலு வரைக்குமாவது வுடச் சொல்லு."

"உள்ள ஒரே சீட்டுதாங்க்கா இருக்கு."

அக்கா பாத்திரத்தைக் கீழே வைத்தார். "அப்ப டிரைவர் எங்க குந்துவாரு?"

அதற்குமேல் விளக்க எனக்குத் தெம்பு இல்லை. ஒரு கரண்டி மாவு ஜாஸ்தியாக ஊற்றி அனுப்பினேன்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் என் தம்பிதான் மெக்கானிக். அவர் டிரைவர், தம்பி மெக்கானிக். டீம் என்றால் மேனேஜர் என்று ஒருவர் வேண்டுமாம். வீட்டில் மிச்சம் இருந்தது நான்தான்.

"சும்மா பேருக்குத்தான்க்கா. நீ வாயே தொறக்க வேணாம்" என்றான் தம்பி. அந்த நிபந்தனை எனக்குப் பிடித்திருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

ரோட்டில் பயிற்சி எடுக்க முடியாது. அதனால் அவர் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, என் மாவுச் சல்லடையை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி வளைந்து வளைந்து போய்வருவார். கியர் மாற்றும்போது வாயிலிருந்து சத்தம் வரும். ஒருமுறை கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் அதைப் பார்த்துவிட்டு, என்னிடம் மெதுவாக, "எவ்ளோ நாளா இப்படி இருக்காரு?" என்று கேட்டார்.

முதல் சுற்று கோயம்புத்தூர்ப் பக்கம். ரேஸ் கார் ரோட்டில் ஓடக்கூடாதாம். லாரியில் கட்டி, பின்னால் வருகிற மாட்டுத்தீவன வண்டியெல்லாம் எங்களை முந்திக்கொண்டு போக, ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம்.

அங்கே வளைவுகளில் ரோட்டு ஓரமாக சிவப்பும் வெள்ளையும் அடித்த திட்டு போட்டிருக்கிறார்கள். ஓட்டத் தெரிந்தவர்கள் அதன் மேல் சக்கரத்தை ஏற்றித்தான் வளைவைச் சுருக்கிப் போவார்களாம். இவர் மட்டும் ஒரு வளைவிலும் ஓரத்துக்குப் போகவே இல்லை. நடு ரோட்டிலேயே கல்யாண ஊர்வலம் மாதிரி போனார். கடைசியாக வந்தார்.

"ஏன் மாமா ஏத்தல?" என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டான்.

"கை வரமாட்டேங்குது மச்சான். ஓரத்துல எதுனா தெரிஞ்சா யாரோ காய வெச்சுருக்காங்கன்னே தோணுது."

எனக்கு உடனே புரிந்தது. எங்கள் பக்கத்தில் பாதி ரோடு வண்டிக்கு, பாதி ரோடு வெள்ளாமைக்கு. உளுந்து, எள்ளு, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, முந்திரிக்கொட்டை எல்லாம் தார் ரோட்டில்தான் காயும். சுற்றிக் கல் அடுக்கியிருப்பார்கள். அதில் சக்கரம் ஏறிவிட்டால் மூன்று தலைமுறைக்குச் சேர்த்துத் திட்டு விழும். சின்ன வயசிலிருந்து அதற்குப் பயந்து சைக்கிள் ஓட்டிய உடம்பு, கோயம்புத்தூரில் மட்டும் மாறிவிடுமா?

சென்னைப் பக்கம் நடந்த இரண்டாவது சுற்றுக்கு முன்னால் தம்பி ஒரு வழி கண்டுபிடித்தான். கார் கிளம்பும்போது ஜன்னலில் குனிந்து, "மாமா, அங்க காயறது அல்லாம் உங்க பங்காளி வெள்ளாமன்னு நெனச்சுக்கங்க" என்றான்.

வரப்புத் தகராறில் அவர் பெரியப்பா பையனோடு பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம் ஆகிறது. அன்றைக்கு அவர் ஒரு வளைவைக்கூட விடவில்லை. திட்டு இருக்கிற இடமெல்லாம் தேடித் தேடி ஏறினார். ஏற வேண்டிய அவசியமே இல்லாத இடத்திலும் ஏறினார். பாதி ரேஸில் சைலன்சர் கழன்று ரோட்டில் விழுந்தது. ரேஸ் முடிக்கவில்லை என்று எழுதிவிட்டார்கள். ஆனால் வண்டியை விட்டு இறங்கும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் பார்த்ததே இல்லை.

மூன்றாவது சுற்றில் ரேடியேட்டர் கொதித்தது. வீட்டுக்கு வந்து நான் கொட்டகைத் தரையைக் கண்ணாலேயே அளந்து, கிரைண்டரை எந்தப் பக்கம் போடலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

கடைசிச் சுற்று மறுபடி சென்னைப் பக்கம். கூட்டத்தில் உட்காரக் கூச்சப்பட்டு நானும், கத்துவதற்கு இடம் வேண்டும் என்று தம்பியும், ஆளில்லாத ஒரு வளைவில் வேலியோரம் நின்றோம். அவர் அன்றைக்கு நிஜமாகவே நன்றாக ஓட்டினார். மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார். அப்போது எங்கள் எதிரில் ஒரு கார் சுற்றிக்கொண்டு மண்ணில் போய் நின்றது. மஞ்சள் கொடி ஆட்டினார்கள். கொடி ஆடுகிற இடத்தில் யாரும் யாரையும் முந்தக் கூடாது. அவர் வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்த பச்சைக் கார் குறைக்காமல் அவரைத் தாண்டிப் போயிற்று.

ரேஸ் முடிந்தது. நான்காவது இடம். நான் கேட்டதை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டார் கடவுள்.

"யக்கா, மேனேஜர் போயி புகார் சொன்னா அவனைக் கீழ எறக்கிடுவாங்க. மாமாவுக்கு மூணாவது எடம்! நான் போனா உள்ளயே வுடமாட்டாங்க. நீதான் போவணும். அரை மணிக்குள்ள சொல்லிடணுமாம், டைம் இல்லக்கா!"

கணவர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு டயர் மேல் உட்கார்ந்திருந்தார். வியர்வையில் தலைமுடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. "வுடு மச்சான், அவளை ஏன் படுத்தற? லாரிக்காரனை வரச் சொல்லு. காரை எடுத்துக்கறேன்னு ஒருத்தரு கேட்டாரே, அவருக்கும் ஒரு போன் போட்டுடு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பேசுவேன் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை.

தம்பி என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் அதிகாரிகள் அறைக்குள் தள்ளினான். என் திட்டம் சுலபமானது. வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு நிற்பது. நேரம் முடிந்துவிடும். பாவம், கூச்ச சுபாவம் என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். கொட்டகை எனக்கு.

ஏசி அறையில் மூன்று பேர் சமோசா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சொல்லுங்கம்மா."

நான் சொல்லவில்லை.

"ஜென்ட்ஸ் யாரும் வரலையா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம், "வழி தெரியாம வந்துருப்பாங்க. டாய்லெட் எங்கன்னு காட்டுங்க" என்றார்.

"மேனேஜர் நான்தான் சார்."

யார் பேசியது என்று நானே திரும்பிப் பார்த்திருப்பேன். சமோசா பாதி வழியில் நின்றது. அதன் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. கொடி, பச்சைக் கார், மண்ணில் நின்ற கார் என்று மூச்சு விடாமல் சொன்னேன். வாய்க்கு வந்த கடலூர்த் தமிழில், இருபது வருஷத்துக்குச் சேர்த்து வைத்ததைப் போலச் சொன்னேன். அவர்கள் வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். பச்சைக் கார் கீழே இறங்கியது. என் கணவர் மூன்றாவதானார்.

வெளியே வந்து தம்பி துள்ளிக் குதித்தபோதுதான், என் கொட்டகையை என் வாயாலேயே கொடுத்துவிட்டு வந்தது உறைத்தது.

கோப்பை சின்னதுதான். ஒரு டம்ளர் காபி பிடிக்காது. அதைப் பிடித்துக்கொண்டு மேடையில் நின்றவர், ஊர் வந்து சேரும்வரை கீழே வைக்கவில்லை. எதிர்வீட்டு அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூணாவது வந்ததுக்கேவா?" என்றார்.

அடுத்த சீசனுக்குப் பதிவு செய்ய மேனேஜர் கையெழுத்து வேண்டும் என்று காகிதத்தைக் கொண்டுவந்தார். நான் அடுப்புக்கும் கிரைண்டருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

"மொதல்ல இந்தக் கிரைண்டரைத் தூக்கிக் கொட்டகையில வெய்யுங்க மாமா."

"கோப்பை வாங்கினா அடுத்த சீசன்னு பேச்சாச்சே!"

"சீசன் ஓட்டுங்க. யாரு வேணாம்னா? காரு கொட்டகையிலதான் நிக்கணும்னு மட்டும் பேச்சில்ல."

அவர் காகிதத்தை அடுப்பு மேடையில் வைத்தார். அப்புறம் தம்பிக்குப் போன் போட்டு, கிரைண்டர் தூக்க ஆள் கேட்டார்.

கார் இப்போது சிதம்பரத்தில் தம்பி பட்டறையில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பஸ் ஏறிப் போய் அதைப் பார்த்துவிட்டு வருகிறார். போன வாரம் திரும்பி வந்தவர் வெளிறிப்போய் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

"இன்னா ஆச்சு மாமா?"

"அந்த பிரைவேட் பஸ்காரன் வந்த வேகத்தப் பாக்கணுமே! உசுரு கையில இல்ல. இனிமே கவர்மெண்ட் பஸ்லதான் போவேன்."