தொலைச்சக்காவும் பின்பக்கத்துக் காலி நிலமும்

அலுவலகத்தில் அவளுக்கு ஒரு பதவிப் பெயர் உண்டு. மூச்சு வாங்காமல் சொல்லி முடிக்க முடியாது, அவ்வளவு நீளம். அதனால் யாரும் சொல்வதுமில்லை. எல்லாருக்கும் அவள் தொலைச்சக்கா. அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் ஒரு சைக்கிள் கடைக்காரர்.

புறநகரில் திரும்பிய பக்கமெல்லாம் வீடு முளைக்கிறது இல்லையா, அங்கே குடிவருகிற பிள்ளைகளுக்கு ஆரம்பப் பள்ளியை எந்த இடத்தில் கட்டலாம் என்று பார்த்துச் சொல்வதுதான் அவள் வேலை. வரைபடத்தை விரித்து, காம்பஸை ஊன்றி ஒரு வட்டம் போட்டால் முடிந்தது என்றுதான் அவளும் ஆரம்பத்தில் இருந்தாள். ஒருநாள் தெருமுனையில் நின்று குறிப்பெடுக்கும்போது பென்சில் கைதவறி விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நின்றபோது கண்ணுக்குத் தெரிந்த தெருவைக் காணோம்! ஒரு காரின் கதவு, ஒரு குப்பைத் தொட்டி, அவ்வளவுதான் தெரிந்தது. ஐந்து வயசுப் பிள்ளைக்கு இந்த ஊர் இப்படித்தானே தெரியும் என்று சுரீரென்று உறைத்தது. அன்றிலிருந்து எந்த முனைக்குப் போனாலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இடமும் வலமும் பார்க்காமல் எழமாட்டாள்.

சைக்கிள் கடைக்காரர் இரண்டு மூன்று தரம் பார்த்துவிட்டு, பொறுக்கமாட்டாமல் வந்து கேட்டார்.

"என்னக்கா, எதைத் தொலைச்சீங்க?"

"ஒண்ணும் தொலைக்கலண்ணே. சும்மா பாக்குறேன்."

"தொலைக்காமலேயா இப்படித் தேடுறீங்க?" என்றவர், அவள் சொன்னதை நம்பாமல் தானும் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தேடிக் கொடுத்தார். நல்ல மனுஷன். பெயர்தான் ஒட்டிக்கொண்டது.

இப்படித் தெருத்தெருவாக உட்கார்ந்து எழுந்தவளுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஒரு சமயம் வந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அவளுடைய மேலதிகாரி ஒரு நாள் வரைபடத்தை அவள் மேசையில் வைத்து, "ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு லாரி ரோட்டுக்கு அந்தப் பக்கம், தண்ணி டேங்க் ஓரமா. இன்னொண்ணு இந்தப் பக்கம் வீடுகளுக்கு நடுவுல இருக்கிற காலி நிலம். எதுன்னு நீயே பாத்துச் சொல்லும்மா" என்றார்.

வரைபடத்தில் காலி நிலத்தைப் பார்த்ததும் அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். அது அவள் வீட்டுப் பின்பக்கம். படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் அதன் முள்செடி கைக்கு எட்டும்.

அதற்கென்ன என்கிறீர்களா? அவள் வீட்டுக்காரர் இரவு பஸ் ஓட்டுகிறவர். ராத்திரி முழுக்க ஸ்டியரிங், பகலில் தூக்கம். அவர் காலையில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது இவள் மாட்டிக்கொண்டு கிளம்புவாள். சாயங்காலம் இவள் கழற்றும்போது அவர் மாட்டுவார். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் இரண்டு பேரும் ஊரோடு ஒத்து உண்டு உறங்குகிற நாள். ஒரே மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு வீட்டில் பேச்சு இன்னும் குறைந்துபோனது. அந்த வீட்டை வாங்கினதே பின்னால் காலியாக இருக்கிறது, சத்தம் வராது, மனுஷன் நிம்மதியாகத் தூங்குவார் என்றுதான். அவள்தான் அலைந்து கண்டுபிடித்தாள். இன்றைக்கும் யாராவது வந்தால் ஜன்னலைத் திறந்து காட்டி, "பாருங்க, ஊசி விழுந்தா கேக்கும்" என்று பெருமை பீற்றிக்கொள்வாள்.

போன மாதம் அவர் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். சிக்னலில் பஸ்ஸை நிறுத்தியவர் கண் அசந்துவிட்டாராம். பச்சை விழுந்ததும் கண்டக்டர் பலகையைத் தட்டி எழுப்பினாராம். அவள் சிரிக்கவில்லை. வண்டி நின்றிருந்தபோது அசந்தார், சரி. ஓடும்போது அசந்தால்? அவரும் அவரை நம்பி ஏறின அத்தனை பேரும் என்ன ஆவார்கள்? அந்த நினைப்பே அவளுக்குச் சோறு இறங்கவிடாமல் செய்தது. இதில் ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கூட மணியும், விளையாட்டு நேரக் கூச்சலும் வேறு வந்தால் எப்படி?

இதை மேலதிகாரியிடம் சொல்லிவிடுவதுதான் நியாயம் என்று போனாள். "சார், இந்த நிலம் எங்க வீட்டுக்குப் பின்னாடி. நான் பாக்குறது சரியா இருக்காது. வேற யார்கிட்டயாவது குடுங்க."

"அட, எல்லாருக்கும் எங்கயாவது ஒரு வீடு இருக்கத்தானேம்மா செய்யும்? அந்த ஏரியா உனக்குத் தெரியும்னுதான் உன்கிட்ட குடுத்தேன். நீ நேர்மையான பொண்ணு, போ."

போச்சு! நேர்மையான பொண்ணு என்று வேறு சொல்லிவிட்டார். இனி தன் மனசையே தான் வேவு பார்க்க வேண்டியதாயிற்று.

முதலில் ஒரு நாள் விடியற்காலையில் காலி நிலத்துக்குப் போனாள். ஒரு மூலையில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. உள்ளே தவளை. "தண்ணி நிக்குது! பிள்ளைங்களுக்கு ஆகாது!" என்று அவளுக்குள் ஒரு சந்தோஷம் குபீரென்று பொங்கியது. பொங்கின மறு நிமிஷமே வெட்கம் பிடுங்கித் தின்றது. தவளையைப் பார்த்து ஒரு அரசாங்க உத்தியோகக்காரி இப்படியா பூரித்துப் போவாள்? நான்கு லோடு மண் அடித்தால் மூலை சரியாகிவிடும் என்று அவளுக்கே தெரியும்.

லாரி ரோட்டைத் தாண்டிப் போனாள். டேங்க் ஓரத்து நிலம் மேடு. தண்ணீர் நிற்காது, இடமும் தாராளம், மைதானமே போடலாம். ஆனால் பிள்ளைகள் முக்கால்வாசி காலி நிலத்துப் பக்கத்து வீடுகளில். சாலையைக் கடந்துதான் போகவேண்டும். சிக்னல் வைத்துத் தருகிறோம் என்று பொறியாளர்கள் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். வைத்தால் இந்த இடம்தான் நல்லது. வைக்காவிட்டால்?

மேட்டு நிலத்துக்குக் கூடுதலாக மதிப்பெண் போட்டாள். உடனே சந்தேகம்: இது மேட்டுக்குப் போட்டதா, புருஷன் குறட்டைக்குப் போட்டதா? அழித்துவிட்டுக் காலி நிலத்துக்கு ஏற்றிப் போட்டாள். அதுவும் உறுத்தியது: நேர்மையான பொண்ணு என்று பெயர் வாங்கவேண்டி வேண்டுமென்றே புருஷன் தூக்கத்தில் மண்ணைப் போடுகிறேனோ? காலையில் போனால் ஒன்று சரியென்று படும், சாயங்காலம் போனால் மற்றது. மண்டை காய்ந்துபோனது. சோற்றில் உப்பை இரண்டு தரம் போட்டாள். அவர் முகத்தைச் சுளிக்காமல் சாப்பிட்டுவிட்டு, "ஆபீஸ்ல ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லங்க" என்று மென்று முழுங்கினாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கடைசியில் மேலதிகாரியையே கையைப் பிடித்து இழுக்காத குறையாக லாரி ரோட்டுக்குக் கூட்டிப்போனாள்.

"சார், உக்காருங்க."

"எங்கம்மா உக்கார?"

"இங்கதான், ரோட்டோரமா. ஒரு பிள்ளை உசரத்துக்கு."

முட்டிவலிக்காரர், பாவம். அம்மா அப்பா என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தார். லாரி வந்தது. உட்கார்ந்தவர்களுக்கு டிரைவர் தெரியவில்லை, எதிர்ப்பக்கம் தெரியவில்லை, ஆளுயரச் சக்கரம் மட்டும் முகத்துக்கு நேரே உருண்டு போனது. அது போய்ப் புழுதி அடங்குவதற்குள் அடுத்தது வந்தது. சிக்னல் வைத்தாலும் சக்கரம் சக்கரம்தான். அவளுக்கு அழுகை வந்தது. சந்தேகம் தீர்ந்துவிட்டதே என்கிற நிம்மதியா, தீர்ந்த விதம் இப்படி ஆயிற்றே என்கிற வருத்தமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

மேலதிகாரி அவள் கையைப் பிடித்து எழுந்து வேட்டைக்குப் போய்வந்தவர் மாதிரி பேன்ட்டைத் தட்டிக்கொண்டார். "காலி நிலம்தான்மா. எழுதிக் கொண்டா. ஒரு பேச்சுக்குச் சொல்றேன், ஸ்கூல் பக்கத்துல வந்தா உன் வீட்டு விலை ஏறும். நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. காதுல போட்டுக்காதே."

அடப்பாவமே! புருஷன் தூக்கத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, சொத்து சேர்த்தாள் என்ற பெயருமா? அது அவளுக்குத் தோன்றவே இல்லை. தோன்றாமல்தான் இருந்ததா, உள்ளுக்குள் எங்காவது இருந்ததா என்று அதையும் ஒரு தரம் தோண்டிப் பார்த்தாள். விளங்கவில்லை.

எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று அரைநாள் விடுப்பு போட்டாள். வேலை நாளில், நட்டநடுப் பகலில், அவள் அந்த வீட்டுக்குப் போனதே இல்லை. லீவு போட்டால்கூட இரண்டு பேருமாக அவளுடைய அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

தெருவில் திரும்பியதுமே காதை அடைத்தது. மூன்றாவது மனையில் டைல்ஸ் அறுக்கிறார்கள். எதிரில் கம்பி வளைக்கிறார்கள். தண்ணீர் லாரி ஒன்று பின்னால் வருகிறேன் பின்னால் வருகிறேன் என்று கத்திக்கொண்டே வந்தது. ஊர் வளர்கிறதல்லவா, சும்மாவா வளரும்? ஞாயிற்றுக்கிழமை ஒருவனும் வேலை செய்யமாட்டான்; அன்றைக்குத்தானே அவள் வீட்டில் இருப்பாள்.

பூனை மாதிரி கதவைத் திறந்து படுக்கையறையை எட்டிப் பார்த்தாள். தலையைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார் மனுஷன்.

"தூங்கலையா நீங்க?"

அவர் திடுக்கிட்டுத் துண்டை அவிழ்த்தார். "நீ என்ன இந்நேரத்துல? உடம்பு சரியில்லையா?"

"தினமும் இப்படித்தானா?"

"சேச்சே. இப்பத்தான் முழிச்சேன்."

பொய். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்து கிடந்தது. அவள் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் அவரைத் தள்ளிவிட்டு, அவர் தலை வைக்கிற இடத்தில் தலை வைத்துப் படுத்தாள். சுவர் வழியாகப் பக்கத்து வீட்டு மோட்டார் உறுமியது. கட்டில் சட்டம் வழியாக டைல்ஸ் மெஷினின் அதிர்வு ஏறிப் பல்லுக்குள் கூசியது. ஊசி விழுந்தால் கேட்குமாம்! கடப்பாரை விழுந்தாலும் கேட்காது. ஊரான் பிள்ளைக்காக ஊரெல்லாம் குத்துக்காலிட்டுப் பார்த்தவள், கட்டின புருஷன் படுக்கிற இடத்தில் ஒரு பகல் படுத்துப் பார்க்கவில்லை. ஒரே ஒரு பகல்!

"ஏங்க சொல்லல?"

"ஆசையா தேடி வாங்கின வீடு. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் ஜன்னலைத் திறந்து காட்டுவ. அதைப் போய் எப்படிச் சொல்றது?"

அவளுக்குக் கோபம் வந்தது. அவர்மேலா தன்மேலா தெரியவில்லை. "பின்னாடி ஸ்கூல் வரப்போகுது. நான்தான் எழுதப்போறேன்" என்று படுத்தபடியே, ஏதோ சண்டை போடுகிற தொனியில் சொன்னாள்.

"வரட்டுமே. அது நாலு மணிக்காவது மூடும், இவங்க இருட்டுற வரைக்கும் அறுக்குறாங்க" என்றார் அவர்.

அவள் எழுந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடத்துத் தரையில் போய்ப் படுத்துக் கேட்டாள். ஆகாது, தெரு நேராக வருகிறது. சமையலறையில் படுத்தாள். மோட்டார். மாடிப்படிக்குக் கீழே சாமான் போடுகிற இடுக்கில் தலையை நுழைத்துப் பார்த்தாள். அவர் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"என்னடி தொலைச்ச?"

வாயைத் திறந்தால் அழுதுவிடுவாள். இடுக்கிலிருந்த பழைய பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டு, பாயை விரித்து, மறுபடி படுத்துக் கேட்டாள். இங்கே கொஞ்சம் தேவலை. அறுக்கிற சத்தம் தூரத்தில் கேட்கிறது. படிக்குக் கீழே கால் நீட்ட முடியுமா என்று அளந்து பார்த்துவிட்டு, "ஏங்க, இங்க வாங்க, இதுல படுத்துப் பாருங்க" என்று கூப்பிட்டாள்.

அவர் வரக் காணோம்.

வெளியே தலையை நீட்டிப் பார்த்தாள். கூடத்துத் தரையில், தெருச்சத்தம் நேராக வருகிறது என்று அவள் தள்ளிவைத்த அதே இடத்தில், பெட்டிகளுக்கு நடுவே தலையணையைக் கட்டிக்கொண்டு அவர் தூங்கிப்போயிருந்தார். டைல்ஸ் மெஷின் அலறுகிறது, வாய் திறந்து குறட்டை விடுகிறார். எந்தக் கணக்கில் இதைச் சேர்ப்பது என்று அவளுக்குப் புரியவில்லை. எழுந்து நடந்தால் கொலுசு சத்தம் கேட்கும். கொலுசைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அலுவலகத்திலிருந்து போன் வந்துவிடக்கூடாதே என்று அதையும் அணைத்துவிட்டு, படிக்குக் கீழேயே அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.