மூன்று கட்டம் போட்ட நோட்டு

எனக்கு மூக்கு நுனியில் கோபம். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் ஏமாற்று வேலை. பிள்ளைகள் முரண்டு பிடிக்கும்போது பெரியவர்கள் எப்படி நிதானமாக நடந்துகொள்வது என்று சொல்லிக்கொடுப்பதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. வீட்டில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது.

காரைக்காலில் ஒரு சிறிய மையம். கடிக்கிற, தலையைச் சுவரில் மோதிக்கொள்கிற, கையில் கிடைத்ததை வீசுகிற பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் வாரம் ஒரு நாள் வகுப்பு. முதல் நாளே ஆளுக்கொரு நோட்டு கொடுத்து, பக்கத்துக்கு மூன்று கட்டம் போடச் சொல்வேன். முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பின்னால் என்ன நடந்தது. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். திமிர், கொழுப்பு என்றெல்லாம் எழுதக் கூடாது. யாரையும் காப்பாற்றி எழுதக் கூடாது, உங்களையும் சேர்த்துத்தான் என்று வாய் கிழியப் பேசுவேன்.

பாதிப் பேர் எழுதவே மாட்டார்கள். மீதிப் பேர் வகுப்புக்கு வருகிற பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு வாரத்துக்கும் சேர்த்து எழுதுவார்கள். கையெழுத்து பள்ளத்துக்குப் பள்ளம் குதிப்பதில் கண்டுபிடித்துவிடலாம். ஒழுங்காக எழுதியவர் ஒருவர்தான். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து வந்த ஒரு தாய். காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, தருமபுரம் தெருக்களில் விற்றுவிட்டு, அந்த வாடையோடே வந்து கடைசி வரிசையில் உட்காருவார். அவர் மகளுக்கு எட்டு வயது. பேச்சு வரவில்லை. கடித்தால் தோல் பிய்ந்துவிடும். பள்ளிக்கூடத்தில் இரண்டு முறை எச்சரித்துவிட்டார்கள். பள்ளியிலிருந்து நிறுத்தினால் எங்காவது விடுதியில் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று அவர் வீட்டு ஆண்கள் பேசி முடித்திருந்தார்கள்.

"அங்க அவளுக்கு வயித்த வலிக்குதுன்னா யாருக்குங்க தெரியும்? நான் பாத்தாதான் தெரியும்" என்றார் முதல் நாளே. அவர் வகுப்புக்கு வந்ததே அந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

நான்கு வாரத்தில் அவர் நோட்டு பேச ஆரம்பித்தது. மகள் கடித்த நாட்களில் எல்லாம் முதல் கட்டத்தில் ஏதோ ஒன்று தரையில் உரசியிருந்தது. மீன் வைக்கும் அலுமினிய அன்னக்கூடையைச் சிமெண்டுத் தரையில் இழுத்திருந்தார்கள். இரும்புக் கட்டிலை நகர்த்தியிருந்தார்கள். அந்தச் சத்தத்தை அவளால் தாங்க முடியவில்லை. அதை நான் சொல்லவில்லை, அவரே கண்டுபிடித்தார். அன்னக்கூடையின் அடியில் பழைய புடவையைச் சுற்றிக் கட்டினார். செருப்பை வெட்டி எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய், மகள் உட்காரும் பெஞ்சின் கால்களுக்கு ரப்பர் வைத்தார். கடி நின்றுபோயிற்று. நோட்டில் ஒரு மாதத்துக்கு ஒன்றும் இல்லை. தேதி மட்டும் இருந்தது.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வெளியூரிலிருந்து சிலர் எங்கள் வகுப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. பிள்ளையை அழைத்து வாங்க, எல்லாரும் பார்க்கட்டும் என்றேன். அவர் தயங்கினார். கூட்டம்னா பயப்படுவாளே என்றார். நான் இருக்கிறேன் என்றேன்.

அன்று கூடம் நிறைய ஆட்கள். வந்தவர்களில் ஒருவருக்கு உட்கார இடமில்லை. ஓரத்தில் கிடந்த இரும்பு நாற்காலியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தேன். அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன் என்பது எனக்கு நினைவில்லை. சிறுமி ஓடிவந்து என் முன்னங்கையில் பல்லைப் பதித்தாள். நான் அவள் இடது கன்னத்தில் ஓங்கி அறைந்தேன்.

யோசித்து அறையவில்லை. நெடுங்காட்டில் நான் வளர்ந்த வீட்டில் கைதான் முதலில் பேசும். இத்தனை வருடம் படித்தது தோலோடு நின்றுவிட்டது போலிருக்கிறது. சிறுமி கையை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. கூடத்தில் யாரும் அதிர்ச்சி அடைந்ததாகவும் தெரியவில்லை. ஒரு ஆசிரியை பக்கத்திலிருந்தவரிடம், "பாத்தீங்களா, ஒண்ணு வச்சாத்தான் அடங்குது" என்றார். அதில் ஒரு நிம்மதி தெரிந்தது. தாய் மட்டும் என்னைப் பார்க்காமல் மகளைத் தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்த நாளே அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. மழை, வேலை, கடிபட்ட கையில் தையல் என்று எனக்கு நானே சாக்குச் சொன்னேன். உண்மையில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

மூன்று வாரம் கழித்து அவரே மகளோடு வந்தார்.

"தப்புப் பண்ணிட்டேங்க" என்றேன்.

"இருக்கட்டுங்க டீச்சர். இப்ப யாரையும் கடிக்கிறதில்லைங்க. பள்ளிக்கூடத்துல நல்ல புள்ளைங்கிறாங்க. வுடுதிக்கு வேணாம்னு வீட்லயும் சொல்லிட்டாங்க."

சொல்லிவிட்டு நோட்டை நீட்டினார். குண்டு குண்டான எழுத்து. அன்றைய தேதியில் முதல் கட்டத்தில், டீச்சர் நாக்காலிய இழுத்தாங்க. இரண்டாவதில், பாப்பா டீச்சர் கைய கடிச்சா. மூன்றாவதில், டீச்சர் கன்னத்துல அடிச்சாங்க, பாப்பா அடங்கிட்டா. என்னைத் திட்டி ஒரு சொல் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

பக்கத்தைத் திருப்பினேன். அதற்கு மறுநாளிலிருந்து எல்லாப் பக்கத்திலும், நடுக் கட்டத்தில் ஒரே வரிதான். பாப்பா தன் கன்னத்துல தானே அடிச்சிக்கிட்டா. சத்தம் கேட்டாலும் அடித்துக்கொண்டிருந்தாள், பசித்தாலும் அடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது கட்டத்தில், யாரும் ஒண்ணும் சொல்லல. பிறகு, அடங்கிட்டா.

"இவ அடிச்சிக்கிறது யாருக்கும் தொந்தரவா இல்லைங்க. அதான் வீட்ல எல்லாருக்கும் சந்தோசம்" என்றார். "எனக்குத்தாங்க பாக்க முடியல. இது எப்ப நிக்கும் டீச்சர்?"

சிறுமி அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி நின்றாள். இடது கன்னம் வீங்கி, கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. எவ்வளவு வீக்கம் என்று பார்ப்பதற்காக மெதுவாகக் கையைக் கொண்டுபோனேன். என் விரல் அவளைத் தொடுவதற்கு முன் அவளே தன் கன்னத்தில் அறைந்துகொண்டாள். மறுபடியும் அறைந்துகொண்டாள். நான் கையை இழுத்துக்கொண்ட பிறகுதான் நின்றாள்.

தாய் மகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். என் மேசையிலிருந்த பேனாவை எடுத்து, நோட்டைப் பிரித்து, முதல் கட்டத்தில் தேதிக்கு நேராக எழுதினார். டீச்சர் கைய நீட்டுனாங்க.