எண்ணெய் வைத்த தலையும் உலோக உருண்டையும்

சனிக்கிழமை காலைகளில் தொலைக்காட்சியில் வந்த அறிவியல் தொடரை நான் பல்கூட விளக்காமல் உட்கார்ந்து பார்த்ததுண்டு. எண்பதுகளின் நடுவில், சுங்கை பாக்காப்பில் இருந்த எங்கள் வரிசை வீட்டில், அந்த நேரத்தில் என்னை யாரும் கடைக்கு அனுப்ப முடியாது. தொடரை நடத்தும் மனிதர் அவித்த முட்டையைப் புட்டிக்குள் இறக்குவார், கவிழ்த்த குவளையில் தண்ணீரை நிறுத்துவார். எனக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். ஒரு பெரிய உலோக உருண்டை மேல் நீளமுடிக்காரப் பெண் ஒருத்தி கை வைப்பாள், அவள் முடி மெல்ல மெல்ல எழுந்து நிற்கும். அதற்காகத்தான் காத்திருப்பேன். என் முடி இடுப்புக்குக் கீழே தொங்கியது. அந்த உருண்டையை எனக்காகவே செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தொடர் மேடை நிகழ்ச்சியாக ஜார்ஜ்டவுனுக்கு வந்தபோது, பிறை என்ற ஊரில் அம்மா வேலை செய்த தொழிற்சாலையில் பிள்ளைகளுக்கு டிக்கெட் கொடுத்தார்கள். பள்ளி விடுமுறை, வெள்ளிக்கிழமை. அம்மா லீவு போட்டாள். மேடைக்குக் கூப்பிட்டால் போய்விடுவேன் என்று சொல்லிச் சொல்லியே அவளை அரித்தெடுத்தேன்.

"போ லா, உன்னை யாரு புடிச்சு வச்சிருக்கா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை அம்மா தலைக்குக் குளிக்கும் நாள். என் முறை சனிக்கிழமை. ஆகவே அன்று காலை அவள் தலைமுழுகி, நன்றாக உலர்த்திக் கொண்டை போட்டுக்கொண்டாள். பிறகு என்னை உட்காரவைத்தாள். டவுனுக்குப் போகிறோம், நாலு பேர் பார்ப்பார்கள் அல்லவா? வழக்கத்தைவிடத் தாராளமாகத் தேங்காயெண்ணெய் வைத்து, இழுத்து வாரி, இரட்டைச் சடை பின்னினாள். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் கடலைக் கடக்கும்போது அடித்த காற்றில் என் தலையில் ஒரு முடி அசையவில்லை. அம்மாவுக்கு அதில் ஏகப் பெருமை.

மண்டபத்தில் கை தூக்கிய கூட்டத்தில் அந்த மனிதர் என்னைத்தான் காட்டினார். சடை கண்ணில் பட்டிருக்க வேண்டும். என்னைப் பிளாஸ்டிக் முக்காலியில் ஏற்றி, சடையை அவிழ்க்கச் சொல்லி, உருண்டையில் கை வைக்கச் சொன்னார். இயந்திரம் உறுமியது. கையெல்லாம் எறும்பு ஊர்ந்தது. முடி மட்டும் முதுகோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவர் என் முடியைத் தொட்டுப் பார்த்தார், விரல் பளபளத்தது.

"மின்யாக், ஆ?" என்று மைக்கில் கேட்டார். மின்யாக் என்றால் மலாயில் எண்ணெய். மண்டபமே சிரித்தது.

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் எனக்குக் கண்ணீர் முட்டிவிட்டது. வேறொரு பெண்ணைத் தேடி அவர் கூட்டத்தைப் பார்க்கத் தொடங்கினார். நான் இறங்க மனமில்லாமல் உருண்டையைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அப்போது நடுவரிசையிலிருந்து அம்மா எழுந்து வந்தாள். நேரே மேடையேறி, அவரிடம் மலாயில் பேசினாள். "எண்ணெய் வைத்தது நான்தான், பிள்ளை இறங்க வேண்டாம், அவள் கையை நான் பிடித்துக்கொள்கிறேன், என் தலையில் எண்ணெய் இல்லை, என் முடி எழும்பும்" என்றாள். தொடரில் பிள்ளைகள் கைகோத்து நின்றதை அடுப்படியிலிருந்து அவளும் பார்த்திருக்கிறாள் போலும். அந்த மனிதருக்கு ஒரே சந்தோஷம். ஓடிப்போய் இன்னொரு முக்காலி கொண்டுவந்தார்.

அம்மா கொண்டையை அவிழ்த்தாள். சாவு வீட்டில்தான் பெண்கள் முடியை விரித்துப்போட்டு நிற்பார்கள் என்பது அவள் சட்டம். என் சடை சற்றுக் கலைந்தாலே, "என்னடி தலைவிரி கோலம்!" என்று அதட்டுவாள். தொழிற்சாலையில் தொப்பிக்குள்ளும் வீட்டில் கொண்டைக்குள்ளும் இருந்த முடி அது. அதை அத்தனை பேர் எதிரில், கூட வேலை செய்கிறவர்கள் எதிரில், தோளில் விரித்துப் போட்டுக்கொண்டு என் இடது கையைப் பிடித்தாள்.

இயந்திரம் மறுபடி உறுமியது. முதலில் அம்மாவின் காதோரத்துப் பூனைமுடி எழுந்தது. பிறகு மொத்தமும், விளக்குமாற்றைக் கவிழ்த்துப் பிடித்தது போல விரிந்து நின்றது. கைதட்டல் அடங்கவே இல்லை. மின்சாரம் இந்தப் பிள்ளை வழியாகத்தான் அம்மாவுக்குப் போகிறது, இவள் கையை எடுத்தால் ஒன்றும் நடக்காது என்று அவர் சொன்னதும் எனக்கும் தட்டினார்கள். அம்மா கண்ணை இறுக மூடியிருந்தாள்.

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு நன்றி சொல்லும் வழக்கம் இல்லை. சொன்னால், காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். அதனால் இங்கே சொல்லிக்கொள்கிறேன். அன்றைக்கு நான் அழாமல் இறங்கியது அவளால்தான்.

திரும்பும் ஃபெரியில் அவள் கொண்டையை மறுபடி இறுக்கி முடிந்துகொண்டிருந்தாள்.

"வெக்கமா இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லாம இருக்குமா?" என்றாள், கொண்டை ஊசியைப் பல்லில் கடித்தபடி. "எல்லாரும் உன்னையே பாத்துச் சிரிச்சிக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பாக்கட்டும்னு வந்தேன்."