சாரலுக்குக் கத்தாத பெட்டி

எம்பெடட் வேலைன்னா, டப்பாக்குள்ள ஒரு சின்ன சிப்ப வச்சு, நாம சொன்னத அது கேக்குற வரைக்கும் அதுகிட்ட கெஞ்சுத வேலை. கம்பெனில சேராம சொந்தமா இந்தப் பாடு படுத என் இனத்து ஆளுங்களுக்குத்தான் இத எழுதுதேன். சால்டரிங் அயர்ன் சூடாகுத கேப்ல டைப் பண்ணுதேன், தப்பு இருந்தா பொறுத்துக்கிடுங்க.

போன ஆனி மாசம் சென்னைக் கம்பெனி ஒண்ணு வேலைக்குக் கூப்பிட்டுச்சு. பதில் சொல்ல ஒரு மாசம் டைம். எனக்கா, தென்காசிய விட்டுப் போக மனசே இல்ல. அப்பா ஒரே ஒரு கண்டிஷன் போட்டாவ: "உங்கிட்ட வாங்குனவன் திரும்ப வந்து இன்னொண்ணு கேக்கணும். கேட்டா இங்கன இரு. இல்லன்னா பெட்டியக் கட்டுலே."

மோட்டாருக்கு வந்த போன்

அச்சன்புதூர்ல ஒரு அண்ணாச்சிக்கு வயல் மோட்டாருக்கு ஒரு பெட்டி செஞ்சு குடுத்தேன். உள்ள ஒரு சிம் கார்டு. அந்த நம்பருக்கு மிஸ்டு கால் குடுத்தா மோட்டார் ஓடும், இன்னொரு தடவை குடுத்தா நிக்கும். பத்தாவது நாள் அவரே போன் பண்ணுதாரு. ஆஹா, அடுத்த ஆர்டர்னு துள்ளிட்டேன்.

பாத்தா, அவரு நம்பருக்கு மட்டும் ஓடணும்னு ப்ரோக்ராம்ல எழுத நான் மறந்திருக்கேன். எவளோ ஒருத்தி லோன் வேணுமான்னு கேக்க மோட்டாரக் கூப்பிட்டிருக்கா. வயல் பூரா தண்ணி, பக்கத்து வயலுக்கும் சேத்து. பைக்க எடுத்துட்டு ஓடிப்போயி சரிபண்ணேன். அண்ணாச்சி திட்டவே இல்ல. வரப்புல நின்னு நிதானமாச் சொன்னாரு: "லோன் வேண்டாம்னு அந்தப் பிள்ளைட்ட நீயே சொல்லிரு தம்பி, மோட்டாருக்குப் பேச வராதுல்லா."

பதினாலு தடவை மாடிப்படி

அடுத்தது குற்றாலத்துல ஒரு லாட்ஜ். பெட்ஷீட்டு, துண்டெல்லாம் மொட்டைமாடில காயும். மழை வந்தா கீழ இருக்கவங்களுக்குத் தெரியாது. அதனால மேல தண்ணி பட்டா கீழ அலாரம் அடிக்குத மாதிரி செஞ்சேன். ஓனருக்கு மொத்தம் நாலு லாட்ஜ். இது நல்லா ஓடுனா மத்ததுக்கும் கேப்பாருல்லா.

மறுநாள் போனா, அங்க துணி துவைக்குத செல்வியக்கா மூச்சு வாங்கிட்டு நிக்காவ. வெயில் அடிக்கும்போதே சாரல் விழுது, அலாரம் கத்துது, மேல ஓடுனா சாரல் நின்னுருது. காலையில இருந்து பதினாலு தடவை. "சென்சார் கரெக்டாத்தான்க்கா வேலை பாக்குது"ன்னு சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "ஏம்ப்பா, இஞ்சினியருக்குப் படிச்சா சாரலும் மழையும் ஒண்ணா? சாரலுக்குப் போயி எவளாவது துணி எடுப்பாளா?"

தகரம்

அப்ப மழைன்னு எப்படிக்கா கண்டுபிடிப்பீங்கன்னு கேட்டேன். "தகரத்துல சத்தம் கேக்கும்லா"ன்னுட்டு துண்டப் பிழிய ஆரம்பிச்சுட்டாவ. பழைய சென்சாரத் தூக்கிப் போட்டுட்டு, ஒரு துண்டுத் தகரத்துக்கு அடியில, தட்டுனா உணருத ஒரு சின்ன வில்லைய ஒட்டுனேன். சாரல் விழுந்தா தகரம் கம்முன்னு இருக்கும். மழைத்துளி விழுந்தா டொக்கு டொக்குன்னு அடிக்கும், அத எண்ணி அலாரம் கத்தணும்.

சென்னைக்குப் பதில் சொல்ல ரெண்டே நாள் பாக்கி. ஓனர் மாடில வந்து நிக்காரு, கூட செல்வியக்காவும். சாரல் விழுது, பெட்டி கம்முன்னு இருக்கு. "செத்துப்போச்சா தம்பி?"ங்காரு. சத்தியமா எனக்கே தெரியல. கால் மணி நேரம் மூணு பேரும் அந்தத் தகரத்தையே பாத்துட்டு நிக்கோம். மலைப்பக்கம் கருத்துச்சு. நாலு துளி, அப்புறம் பத்து. கீழ அலாரம் அலறுச்சு. செல்வியக்கா கடைசி ஷீட்ட உருவிக்கிட்டு படியில இறங்குதாவ, அப்பத்தான் மழை கொட்டுது. ஓனர் நனைஞ்சுகிட்டே சொன்னாரு: "மிச்ச மூணு மாடிக்கும் தகரம் நான் தாரேன், பெட்டிய நீ கொண்டா. சத்தத்த மட்டும் மாத்திரு, தீப்பிடிச்சிருச்சுன்னு கெஸ்ட்டெல்லாம் துண்டோட வெளிய நிக்காங்க."

சென்னைக்கு வரலன்னு மெயில் போட்டாச்சு. இப்ப என் தொழில், குளிச்சிட்டிருக்கவங்க பதறாத ஒரு சத்தத்தத் தேடுததுதான்.