தட்டில் இரண்டு பழம்

சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில் இறங்கி, கோயில் வாசலுக்கு வந்தால் வரிசையாக அர்ச்சனைத் தட்டுக் கடைகள் இருக்கும். அதில் நீலத் தார்ப்பாய் போட்ட கடை அம்சாக்காவுடையது. அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவர் பெரிய ஆள் இல்லை. ஆனால் ஒரு காரியத்தை எடுத்தால் அது முடியும்வரை விடமாட்டார். இதை யாராவது எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

2003-ஆம் வருடம் நான் ப்ளஸ் டூ முடித்தேன். கேட்ட படிப்பில் இடம் கிடைக்கவில்லை, கிடைத்த படிப்பில் சேர எனக்கு மனமில்லை. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஒரு வருடம் சும்மா உட்காருவது என்னால் ஆகாது. தெருவில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்த என்னை ஒரு நாள் அம்சாக்கா கூப்பிட்டார்.

"சங்கரி, இங்க வா. நீ சயின்ஸ் குரூப்புதான?"

"ஆமாக்கா."

"அப்ப இத இன்னான்னு சொல்லு," என்று பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை நீட்டினார். அதன் மேல் துளசி இலை ஒட்டிக்கொண்டிருந்தது.

பள்ளியில் படித்தபோது அம்சாக்கா பத்தாவதில் அறிவியலில் மட்டும் தோற்றிருந்தார். பிறகு கல்யாணம், கடை என்று வருடங்கள் போய்விட்டன. இப்போது எங்கள் தெரு அங்கன்வாடியில் இருந்த டீச்சரம்மா ஓய்வு பெறப் போகிறார். அந்த வேலைக்குப் பத்தாவது தேறியிருக்க வேண்டும். அம்சாக்காவுக்கு வயது வரம்பும் நெருங்கிக்கொண்டிருந்தது. அக்டோபரில் நடக்கும் தனித்தேர்வை விட்டால் வேறு வழியில்லை.

"மழ வந்தா கட மூடணும். கோயில் நட சாத்துனா கட மூடணும். எனக்குத் தலைக்கு மேல கூர கீற எடத்துல ஒக்காந்து ஒரு வேல பாக்கணும், அவ்ளோதான்," என்றார்.

நடை சாத்தும் மதிய நேரத்தில் பாடம் நடந்தது. அவர் வெற்றிலையை அடுக்கிக்கொண்டே கேட்பார், நான் பழக்கூடைப் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பேன். உயிரியலை மளமளவென்று பிடித்துக்கொண்டார். வேதியியல் சமன்பாடு வந்ததும் வண்டி நின்றது.

ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீர் ஆகிறது, சமன்படுத்துங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் இப்படி எழுதினார்:

H₂ + O₂ → H₂O + O

"கடைசியில இது என்னக்கா, தனியா ஒரு O?"

"மிச்சம்."

"என்ன மிச்சம்?"

"இந்தப் பக்கம் ரெண்டு O கீது. தண்ணிக்கு ஒண்ணுதான் போச்சி. இன்னொண்ண இன்னா பண்றது? பக்கத்துல வெச்சிட்டேன். கடையில மிச்சம் ஆனா வூட்டுக்கு எடுத்துகினு போறேன்ல, அது மாரி."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "சிரிக்காத. தப்புன்னா எப்டி தப்புன்னு சொல்லு," என்றார். நானெல்லாம் பள்ளியில் பார்த்துப் பார்த்துப் போட்டுப் பழகியதுதான். யோசித்துச் சொன்னேன்: "இங்க மிச்சம் கிடையாதுக்கா. கூடையில இருக்கறது பூரா தட்டுக்குப் போயிடணும். கூடை காலியாகற மாதிரி கணக்குப் போடணும்."

அதைப் புரிந்துகொண்டவர் அடுத்த தவறைச் செய்தார். H₂O-வுக்குக் கீழே இன்னொரு சின்ன 2 போட்டு H₂O₂ என்று எழுதி, "இப்ப மிச்சமே இல்ல, பாத்தியா?" என்று நிமிர்ந்தார்.

"அக்கா, அது தண்ணியே இல்ல. சலூன்ல முடிய வெளுக்க வைக்கிற மருந்து. கீழ இருக்கற சின்ன நம்பரைத் தொடக்கூடாது. முன்னாடி பெரிய நம்பர்தான் போடணும்."

"சின்ன ரெண்டா இருந்தா இன்னா, பெரிய ரெண்டா இருந்தா இன்னா? எண்ணிக்க சரியா வர்தில்ல?"

இதே சண்டை சில நாள் ஓடியது. நான் எத்தனை விதமாகச் சொல்லியும் சின்ன நம்பரை மாற்றிக்கொண்டே இருந்தார். 'இவருக்கு நான் சரிப்பட்டு வரமாட்டேனோ' என்றுகூட நினைத்தேன்.

ஒரு நாள் நடை திறக்கும் முன்பே ஒரு குடும்பம் கடைக்கு வந்தது. அந்த வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நாங்க நாலு பேர் இருக்கோம். இதுலயே இன்னும் ரெண்டு பழம் சேர்த்து வச்சிடேன்," என்றார்.

"அப்டில்லாம் வெக்க முடியாதுங்க. தட்டுன்னா ஒரு தேங்கா, ரெண்டு பழம், வெத்தல பாக்கு, துளசி. அதான் தட்டு. நாலு பேருன்னா நாலு தட்டா வாங்கிக்குங்க."

நான் அம்சாக்காவையே பார்த்தேன். அவரும் காசை வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்தார். அந்தக் குடும்பம் போனதும் பென்சிலை எடுத்தார்.

"அட, இவ்ளோதானா? தட்டுக்குள்ள கை வெக்கக்கூடாது. எத்தினி தட்டுன்றதுதான் நம்ம கணக்கு."

2H₂ + O₂ → 2H₂O என்று எழுதினார். "ரெண்டு தட்டு தண்ணி," என்று வாசித்தும் காட்டினார்.

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. அலுமினியம் ஆக்சைடில் மட்டும் ஒரு மதியம் முழுக்க மாட்டிக்கொண்டார். Al₂O₃-க்கு மூன்று ஆக்சிஜன் வேண்டும், ஆனால் ஆக்சிஜன் இரண்டிரண்டாகத்தான் வரும்.

"ஒன்றர ஜோடியா? பழத்தக்கூட பாதியா அறுத்து வெக்கலாம், இத எப்டி அறுக்கறது?"

"அறுக்க வேணாம்க்கா. ஒரு தட்டுல கணக்கு நிக்கலைன்னா?"

கையிலிருந்த வெற்றிலையை இரண்டு அடுக்காகப் பிரித்து வைத்தார். "ரெண்டு தட்டாப் போடணும். அப்ப ஆறு வேணும். மூணு ஜோடி. அலுமினியம் நாலு." எழுதி முடித்துவிட்டு என் தலையில் ஒரு தட்டு தட்டினார். "போ, போய் டீ வாங்கிகினு வா."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது தேர்வு அட்டவணை வந்தது. அறிவியல் தேர்வு புரட்டாசி மாதத்து சனிக்கிழமை ஒன்றில் விழுந்திருந்தது.

பெருமாள் கோயில் வாசலில் கடை வைத்திருப்பவர்களுக்குப் புரட்டாசி சனி என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. விடியும் முன்பே கூட்டம் நெடுஞ்சாலை வரை நிற்கும். அவர் வீட்டுக்காரர் எல்லப்பன் அண்ணன் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். அட்டவணையைப் பார்த்ததும் குதித்தார்.

"இன்னா அம்சா இது! வருசத்துல நாலு சனி. அதுல ஒண்ண வுட்டுட்டுப் பரிட்ச எழுதப் போறியா? மார்ச்ல எழுது."

"மார்ச்சுக்குள்ள அந்த வேலைக்கு ஆள் போட்டுடுவாங்க. நான் போறேன். கடைய நீ பாரு."

"எனக்கு இன்னா தெரியும் தட்டு வெக்க?"

"இருவது வருசமா ஆட்டோ ஓட்டறியே, அது மட்டும் பொறந்தப்பவே தெரியுமா? சங்கரி கூட இருப்பா. நீ பேசாம ஆட்டோவ ஓரங்கட்டு."

அவர் அனுமதி கேட்கவில்லை, சொன்னார். எல்லப்பன் அண்ணன் "ஆவட்டும் டீச்சரம்மா," என்று கும்பிடு போட்டுவிட்டு முறைத்தார்.

அந்தச் சனிக்கிழமை காலையில், கூட்டத்துக்கு எதிர்த்திசையில் அம்சாக்கா ரயில் நிலையத்துக்கு நடந்தார். செங்கல்பட்டில் தேர்வு மையம். போகும்போது திரும்பி, "பழம் தீந்துதுன்னா அதோட நிறுத்திக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பழம் தீர்ந்துவிடும்போல இருந்தது. நான் அந்தப் பக்கம் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண்மணி தட்டோடு திரும்பி வந்து, "இன்னாய்யா இது, ஒத்தப் பழம்? பெருமாளுக்கே கஞ்சத்தனமா?" என்று சத்தம் போட்டார். பார்த்தால், எல்லப்பன் அண்ணன் பழம் குறைந்ததும் தட்டுக்கு ஒன்றாக வைக்க ஆரம்பித்திருந்தார்.

"அண்ணா, தட்டுக்குள்ள கை வைக்கக்கூடாது!"

"இன்னாமே, அவ மாரியே பேசற?"

இருந்த ஒற்றைப் பழத் தட்டுகளைக் கலைத்து, இரண்டிரண்டாகச் சேர்த்தேன். அந்தப் பெண்மணிக்கு முதலில் கொடுத்து அனுப்பினேன். தட்டுகள் பாதியாகக் குறைந்தன. அவையும் விற்றதும் கடையில் தேங்காய் மட்டும் குவிந்து கிடந்தது.

"தேங்கா இவ்ளோ மிச்சமாவுதே," என்று அண்ணன் தலையில் கை வைத்தார்.

"ஆகட்டும்ணா. வீட்டுக்குப் போகட்டும்."

மதியத்துக்கு மேல் அம்சாக்கா வந்தார். புடவை கசங்கியிருந்தது, முகம் நன்றாக இருந்தது. தேங்காய்க் குவியலைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"KClO₃ வந்துது சங்கரி," என்றார். "ஒடச்சா KCl, O₂. இந்தப் பக்கம் மூணு O கீது. ஒரு ஜோடி போய் ஒண்ணு மிச்சம். கை பழைய மாரி 'கூட்டல் O'ன்னு எழுதவே போயிடுச்சி."

"எழுதிட்டீங்களாக்கா?"

"கூட்டல் போட்டேன். அப்புறம் அடிச்சேன். ரெண்டு தட்டாப் போட்டேன். ரெண்டு KClO₃, ரெண்டு KCl, மூணு O₂. திரும்ப எண்ணிப் பாத்தேன், கூட காலி."

எல்லப்பன் அண்ணன் குறுக்கே புகுந்தார். "அங்க காலி பண்ணிட்டு வந்துட்ட. இங்க கீற தேங்காய இன்னா பண்றது?"

"பர்பி கிண்டு," என்று சொல்லிவிட்டு அக்கா சாயங்கால நடைக்குப் பழம் வாங்கக் கிளம்பினார்.

முடிவு வந்த அன்று நான்தான் போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தேன். அவர் தேறிவிட்டார். நிறைய மதிப்பெண் இல்லை, ஆனால் தேறிவிட்டார். அங்கன்வாடிக்கு அன்று மாலையே விண்ணப்பம் எழுதி எல்லப்பன் அண்ணன் ஆட்டோவில் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். வழி முழுக்க அண்ணன், "டீச்சரம்மா வண்டி, ஓரம் போ!" என்று கத்திக்கொண்டே ஓட்டினார்.

திரும்பி வரும்போது நான் கேட்டேன், "அந்தச் சமன்பாட்டுக்கு எவ்வளவு மார்க் போட்டிருப்பாங்கக்கா?"

"முழுசாத்தான் போட்டிருப்பாங்க," என்றார் அம்சாக்கா. "நான் எதுவும் மிச்சம் வெக்கலியே."