நீலமா, பச்சையா?

போன வாரம் பெங்களூரிலிருந்து என் மகள் ஜெனிட்டா வாட்ஸாப்பில் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தாள். புடவைதான் காட்டுகிறாள் என்று கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தால், இரண்டும் சுவரில் ஓட்டை போடுகிற ஹேமர் டிரில். ஒன்று நீலம், இன்னொன்று பச்சை. "எதும்மா வாங்கறது?" என்று கீழே ஒரு வரி. கையில் தூக்கிப் பார்த்து வாங்கு என்று பதில் போட்டேன். "ஆன்லைன்ல எப்பிடிம்மா தூக்கிப் பாக்கறது?" என்று கேட்டு, சிரிக்கிற பொம்மைகள் நாலைந்தும் அனுப்பினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவள்தான், அடுப்பில் ரசம் பொங்கி வழிந்த வாசனை வந்தபிறகுதான் எழுந்தேன்.

கம்பெனிப் பெயர்களை நான் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் சரியாகச் சொல்வேனா என்பது சந்தேகம். எங்கள் வீட்டில் அவற்றுக்கு நிறம்தான் பெயர். என் வீட்டுக்காரர் நீலம். என் தம்பி சார்லஸ் பச்சை. கட்சியைக்கூட இவ்வளவு உறுதியாக யாரும் பிடித்துக்கொண்டு நிற்கமாட்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் வீட்டுக்காரர் வாழ்நாளில் ஒரு ஆணிகூட அடித்தவர் இல்லை. சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தார். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுதான். எந்த வீட்டுக்குப் போனாலும் சாவியைக் கொடுக்கும்போது வீட்டுக்காரம்மா ஒன்று சொல்லிவிடுவார்: "எல்லாம் சரி. செவுத்துல ஆணி மட்டும் அடிக்காதீங்க." அதனால் எங்கள் சாமான்கள் எதுவும் சுவரேறியதில்லை. காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கும். இருதய ஆண்டவர் படம் பீரோ மேல் சாய்ந்திருக்கும். கண்ணாடியை ஜன்னல் விளிம்பில் வைத்து, பாதி குனிந்த மேனிக்கு இவர் சவரம் செய்வார். கடிகாரம் அலமாரியில் மல்லாந்து படுத்திருக்கும். ஜெனிட்டா பள்ளிக்கூடம் சேர்ந்த அன்றைக்கு ஓடிவந்து, "அம்மா, எங்க ஸ்கூல்ல கடியாரம் நின்னுக்கிட்டிருக்கு" என்றாள். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "நம்ம வீடுன்னு ஒண்ணு கட்டுனா, மொதல்ல ஒரு டிரில் வாங்கிடணும்" என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தப் பைத்தியம். மாலையில் காய் வாங்க மேல வீதிப் பக்கம் போனால், அங்கே இருந்த ஹார்டுவேர்ஸ் கடையில் கால் நின்றுவிடும். கடைக்கார பாய்க்கு இவர் வாங்கப்போவதில்லை என்று நன்றாகத் தெரியும். ஆனாலும் அலுக்காமல் பெட்டியைப் பிரித்து மிஷினை எடுத்து நீட்டுவார். "சார், நீலம் வெயிட்டு ஜாஸ்தி, பாத்து." இவர் அதைத் துப்பாக்கி மாதிரி பிடித்து, எதிரே இருக்கிற பெயின்ட் டப்பாக்களைக் குறிபார்ப்பார். கையில் முருங்கைக்கீரையோடு பக்கத்தில் நிற்கும் எனக்கு வெட்கமாக இருக்கும். "கனமா இருந்தாத்தான் பாய் கையில துள்ளாது" என்று ஏதோ நூறு தூண்களைத் துளைத்தவர் மாதிரி சொல்வார். பாய் தலையாட்டிவிட்டு எங்களுக்கு டீ சொல்லுவார்.

சார்லஸ் நிஜமாகவே தொழில்காரன். பண்ருட்டியில் வயரிங் வேலை. பலாப்பழக் காலத்தில் பைக்கின் பின்னால் ஒரு பழத்தைக் கட்டிக்கொண்டு வந்து இறங்குவான். பழத்தை அறுப்பதற்குள் சண்டை ஆரம்பித்துவிடும்.

"ஏணியில ஏறி நின்னு தலைக்கு மேல புடிக்கிறவனுக்குத்தான் மாமா தெரியும். பச்சதான் கைக்கு லேசு."

"லேசா இருக்கறது வெளயாட்டுச் சாமான் மச்சான். மிஷின்னா மிஷின் மாதிரி இருக்கணும்."

"நீங்க எத்தினி ஓட்ட போட்டிருக்கீங்க?"

"போடப் போறேன்ல!"

எண்ணெய் தடவிய கையோடு சுளை எடுத்துக்கொண்டிருக்கும் நான், இருவர் வாயிலும் ஒவ்வொன்றைத் திணித்தால்தான் வீடு அடங்கும். அதையும் மென்றுகொண்டே அவர் "நீலம்" என்பார்.

கடைசியில் கடலூரில், கெடிலம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், எங்கள் அப்பா எனக்கென்று விட்டுப்போன சின்ன மனையில் வீடு எழும்பியது. இவர் ஓய்வு பெறுகிற சமயம். சுவருக்கு வெள்ளை அடித்து முடித்த வாரம், டிரில் வாங்க மூன்று பேருமாகப் பாய் கடைக்குப் போனோம். பாய் இரண்டு மிஷின்களையும் மேஜைமேல் வைத்து, "இன்னிக்கு ஒரு முடிவு தெரிஞ்சிடும்" என்று சிரித்தார்.

என் வீட்டுக்காரர் நீலத்தைத் தூக்கினார். இந்த முறை பெயின்ட் டப்பாவைக் குறிபார்க்கவில்லை. உடனே கீழே வைத்துவிட்டார். பச்சையைத் தூக்கினார். "இதுவே இருக்கட்டும் பாய்" என்றார்.

சார்லஸ் கடையே அதிரக் கை தட்டினான். "பாத்தியாக்கா! மாமா தோத்துட்டாரு! இத்தன வருசம் கழிச்சி வழிக்கு வந்துட்டாரு!" பாயும் சிரித்தார். நான் மட்டும் இவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கை, வலது மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது.

சார்லஸ் பைக்கில் போய்விட்டான். நாங்கள் கடலூர் பஸ்ஸில் ஏறினோம். பெட்டி என் மடியில். கொஞ்ச நாளாகவே சட்டைப் பொத்தானை என்னைப் போடச் சொன்னது, தட்டில் சிந்திய காப்பி, பேனாவை மூடாமல் வைத்துவிட்டு எழுந்துபோனது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. பஸ் புதுச்சத்திரம் தாண்டியதும் கேட்டேன்.

"கை எப்பலேருந்து நடுங்குது?"

ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "சந்தேகமாத்தான் இருந்திச்சி. அந்த நீலத்தத் தூக்கினேன்ல, அப்பதான் எனக்கே தெரிஞ்சிது." கொஞ்சம் கழித்து, "மச்சான்கிட்ட சொல்லாத. ஜெயிச்ச சந்தோசத்துல இருக்கான்" என்றார்.

பாண்டிச்சேரியில் டாக்டர் பார்த்துவிட்டு, வைத்தியம் உண்டு, ஆனால் முழுக்கக் குணமாகிற நோய் இல்லை என்றார். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வீட்டுக்கு வந்த சார்லஸ், புது மிஷினில் துளை போடுகிற பிட்டை மாட்டி அவரிடம் நீட்டினான். "மொத ஓட்ட நீங்கதான் மாமா போடணும்."

வாங்கிக்கொண்டார். சுவரில் நான் பென்சிலால் போட்டிருந்த புள்ளியில் வைத்து அழுத்தினார். மிஷின் உறுமியது. பிட் புள்ளியில் நிற்கவில்லை. வெள்ளைச் சுவரில் கோழி கிளறியது மாதிரி கோடு கோடாக இழுத்துக்கொண்டு போனது. சார்லஸ் சிரிக்க வாயைத் திறந்தான். அப்புறம் அவர் தோளைப் பார்த்தான், முழங்கையைப் பார்த்தான். என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவன் அவருக்குப் பின்னால் போய் நின்று, அவர் கைமேல் தன் கையை வைத்துப் பிடித்தான். "இந்தப் பச்ச துள்ளுது மாமா. நீங்க சொன்னதுதான் சரி. நீலத்தையே வாங்கியிருக்கணும்."

தொழில்காரன் சொன்ன பொய். அந்த மிஷினில் ஒரு குறையும் கிடையாது. இரண்டு பேருமாக அழுத்த, செங்கல் தூள் சிவப்பாகக் கொட்டி அவர் வேட்டியில் விழுந்தது. சூடேறிய மோட்டார் வாசனையும் சிமென்ட் வாசனையும் கூடம் முழுக்க. அவர் திரும்பிப் பார்க்காமலே, "இல்ல மச்சான், உன்னுதுதான் நல்ல மிஷினு" என்றார். நான் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அவர்கள் சண்டை போட்டதே இல்லை. சார்லஸ் வருவான், பழம் கொண்டுவருவான். பேச்சு டிரில் பக்கம் வந்தால், "நீங்க சொன்னதுதான் மாமா" என்பான். அவர், "இல்ல மச்சான், நீ சொன்னதுதான்" என்பார். ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுத்து, பேச ஒன்றும் இல்லாமல் சுளையைத் தின்றுகொண்டிருப்பார்கள். அவர் போனது சில வருஷம் கழித்து, ஒரு மழைக்காலத்தில், நெஞ்சில் சளி கட்டி. அந்தச் சண்டை அவருக்கு முன்னாலேயே செத்துவிட்டது.

மேல வீதிப் பக்கம் போய் நாளாகிவிட்டது. பாய் காலமாகி, கடையில் இப்போது அவர் மகன் செல்போன் கவர் விற்கிறானாம்.

இந்தக் கோடையில் இன்வெர்ட்டர் மாட்ட சார்லஸ் வந்திருந்தான். இப்போதெல்லாம் ஒயரே இல்லாத, பேட்டரி மிஷின் வைத்திருக்கிறான். மளமளவென்று நாலு ஓட்டை போட்டான். தூளைத் தானே கூட்டி அள்ளினான். "பழம் இருக்குடா, சாப்ட்டுப் போ" என்றேன். "இல்லக்கா, இன்னொரு எடத்துல வேல இருக்கு" என்று மிஷினைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தான். அவன் பைக் சத்தம் தெருமுனையில் அடங்கிய பிறகுதான் தோன்றியது, அந்த மிஷின் என்ன நிறம் என்று நான் பார்க்கவே இல்லை. அவனும் சொல்லவில்லை.